கேஷுவாலிட்டிக்குப் போகும் நிலாவுக்கு

அன்புள்ள நிலா,

ஹவுஸ் சர்ஜனாக உனக்கு முதல் போஸ்டிங்கே கேஷுவாலிட்டி என்று அம்மா சொன்னாள். தையல் போடுவதெல்லாம் சீனியர்கள் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அவர்கள் அதிகம் பேசாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

2023 மே 10, விடிகாலை. கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனைக்குக் காலில் காயத்தோடு ஒருவரைப் போலீஸார் அழைத்து வந்தார்கள். கைதி அல்ல, உதவி கேட்டு அவரேதான் போலீஸைக் கூப்பிட்டிருந்தார். சிகிச்சையின்போது திடீரென வெறிகொண்டு, அங்கிருந்த கத்தரிக்கோலை எடுத்துக் குத்தத் தொடங்கினார். மற்றவர்கள் ஓடித் தப்ப, டாக்டர் வந்தனா தாஸ் சிக்கிக்கொண்டார். வயது 23. அவரும் ஹவுஸ் சர்ஜன்தான். குத்துப்பட்டு அவர் இறந்த ஒரு வாரத்தில், மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கான தண்டனையைக் கடுமையாக்கும் அவசரச் சட்டத்துக்குக் கேரள அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் உண்டு: மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. ஆனாலும் 2024 நவம்பரில், கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பாலாஜி ஜெகந்நாதனை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். ஆத்திரத்தில் வருகிறவன் சட்டப்பிரிவைப் படித்துவிட்டா வருகிறான்?

கத்திக்குத்து செய்தியாகிவிடுகிறது. வசவும், சட்டையைப் பிடிப்பதும், செல்போனில் படமெடுத்தபடியே மிரட்டுவதும் பெரும்பாலும் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறுவதில்லை. அமெரிக்காவில் அவசர சிகிச்சை மருத்துவர்களின் அமைப்பு 2018-இல் கேட்டபோது, 47 சதவீதம் பேர் பணியிடத்தில் தாக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

அடி வாங்கியவர் கையை உதறிக்கொண்டு அடுத்த நோயாளிக்கு ஊசி போட்டாக வேண்டும், அழக்கூட நேரமில்லை. வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது. கதவு படாரென்று சாத்தினால் உடம்பு தூக்கிப்போடும். நாளாக ஆக, சிலர் உறவினர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். சிக்கலான கேஸ் என்றால் 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க' என்று எழுதிவிடுகிறார்கள். அதில் வீணாகும் நேரம் அந்த நோயாளியுடையது. இப்படி ஒதுங்கிப்போகும் டாக்டரைப் பார்த்து அடுத்த குடும்பம், 'யாருமே எதுவும் சொல்ல மாட்டேங்கிறாங்க' என்று கொதிக்கிறது. அங்கிருந்து அடுத்த சண்டை.

பயந்துபோனவர்கள்தான் பெரும்பாலும் கத்துகிறார்கள். நெஞ்சுவலிக்காரரை முதலில் பார்க்கிறோம் என்று, அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடு. மரணச் செய்தியைத் தனியாகப் போய்ச் சொல்லாதே. சீனியரோ சிஸ்டரோ கூட இருக்கட்டும். குடித்துவிட்டு வந்தவரைப் பார்க்கும்போது வாசல் பக்கம் நீ நில். கத்தரிக்கோல் டிரேயை அவர் கைக்கெட்டாமல் வை. வெறும் வசவானாலும் நேரத்தோடு எழுதி டியூட்டி டாக்டரிடம் கொடு. தூக்கம் கெட்டால் மனநலப் பிரிவுக்குப் போகத் தயங்காதே.

இதெல்லாம் உன்னால் ஆகக்கூடியவை. இரவில் போதிய டாக்டர்கள், செக்யூரிட்டி, எச்சரிக்கை மணி ஆகியவை நிர்வாகத்தின் பொறுப்பு. அதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. முதல் நாளே மணி எங்கே இருக்கிறது, புறக்காவல் நிலையம் எந்தப் பக்கம் என்று விசாரித்து வை. அவை இல்லையென்றால் டீனுக்கு மனு எழுதுங்கள். பேட்ச் மொத்தமும் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
மாமா