திரை ஏன் கறுத்தது?

வட்டாரத் திருமுறை ஓதும் விழாவுக்கு முதல் நாள் இரவு. சபையோர் பார்த்துச் சேர்ந்து பாடுவதற்கான பாடல் வரிகள் எல்லாம் என் மடிக்கணினியில்தான் இருந்தன. அதில் ஓடுவது லினக்ஸ். “ஒரு அப்டேட் போட்டுட்டுப் படுக்கலாம்” என்று நினைத்தேன். மறுபடி திறந்தால் திரை முழுக்கக் கறுப்பு! போச்சுடா என்று ஆகிவிட்டது.

கார்டு கெட்டுப் போகவில்லை. கோப்புகளும் அழியவில்லை. பிறகு என்னதான் நடந்தது?

இயங்குதளத்தின் மையப் பகுதியை கெர்னல் என்பார்கள். கெர்னலுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் நின்று பேசுவது டிரைவர். லினக்ஸ் கெர்னலின் உள் இணைப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். மாறாது என்று அதை எழுதுபவர்கள் வாக்குக் கொடுப்பதில்லை. டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருந்தால், இணைப்பை மாற்றுபவரே டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருந்தால், புதிய கெர்னலுக்கு ஏற்ப அதை மீண்டும் கட்ட வேண்டும்.

இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே உள்ளன. ஏஎம்டியின் ‘ஏஎம்டிஜிபியு’ 2015-இல் 4.2 பதிப்போடு சேர்ந்தது. என்விடியா நெடுங்காலம் மூல நிரலை மூடியே வைத்திருந்தது. அதனால் தன்னார்வலர்கள் கார்டின் நடத்தையை ஆராய்ந்து ‘நூவோ’ என்ற டிரைவரை எழுதினார்கள். 2022 மே மாதம் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்டது. ஆனாலும் அந்த டிரைவர் இன்னும் கெர்னலுக்கு வெளியேதான் இருக்கிறது. யூனிக்ஸ் வழி வந்த ஃப்ரீபிஎஸ்டியிலும் இதே கதைதான். லினக்ஸிலிருந்து கொண்டுவந்த டிரைவர்கள் அதன் பதிப்போடு பொருந்த வேண்டும்.

என் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். டிரைவரை இணையத்திலிருந்து இறக்கி, கையாலே நிறுவியிருந்தேன். கெர்னல் மாறியபோது அதை மீண்டும் கட்ட யாரும் இல்லை.

அன்றிரவு என்னைக் காப்பாற்றியது பழைய கெர்னல். கணினி திறக்கும்போது கிரப் பட்டியலை வரவழைத்து, முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். திரை வந்தது, உயிரும் வந்தது!

தம்பி தங்கைகளே, லினக்ஸ் போட நினைத்தால் இதை மனசுல வச்சுக்குங்க:

1. கணினி வாங்கும் முன்பே, அதன் கார்டுக்கு எந்த டிரைவர், அது கெர்னலுக்கு உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள்.

2. டிரைவரை உங்கள் லினக்ஸின் சொந்தத் தொகுப்பிலிருந்தே நிறுவுங்கள். கெர்னல் மாறும்போது அதற்குப் பொருத்தமான டிரைவரும் சேர்ந்து வரும். அல்லது ‘டிகேஎம்எஸ்’ என்ற கருவி தானாகவே மீண்டும் கட்டிவிடும்.

3. ‘செக்யூர் பூட்’ இயங்கினால், கையொப்பமிடாத டிரைவரைக் கெர்னல் ஏற்காமல் போகலாம். திரை வராவிட்டால் அதையும் பாருங்கள்.

4. பழைய கெர்னல் ஒன்றையாவது அழிக்காமல் வையுங்கள்.

5. நிகழ்ச்சிக்கு முதல் நாள் அப்டேட் வேண்டவே வேண்டாம்!

மறுநாள் காலை வரிகள் திரையில் ஓடின, சபையும் சேர்ந்து பாடியது. நான் தூங்காதது யாருக்கும் தெரியாது.