இல்லத்தில் ஒரு வையாவிருத்யம்
(இதய நோயாளரைப் பேணுதல் பற்றிய பாடம்)



தத்துவார்த்த சூத்திரம் கூறும் அகத்தவம் ஆறனுள் வையாவிருத்யமும் ஒன்று. தொண்டு பெறுதற்குரியோர் பதின்மருள் நோயுற்ற துறவியையும் அந்நூல் எண்ணுகிறது. நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் தம்மேல் வாந்தி எடுத்தபோதும் அருவருப்பின்றிப் பணிபுரிந்த உத்தாயண மன்னனை நாம் சிறு வயதிலேயே கதையாகக் கேட்டிருக்கிறோம். முனிவர்க்கு உரைத்த அந்த அறத்தை நம் வீட்டு நோயாளரிடத்தும் பயிலலாம் என்பதே இப்பாடத்தின் கருத்து.

எங்கள் பட்டறிவு

இராமேசுவரத் தீவில் நாங்கள் வாழ்ந்தபோது, எங்கள் இல்லத்துப் பெரியவருக்கு இதயம் வலுவிழந்திருந்தது. அனந்த சதுர்த்தசியன்று அவர் நீரும் அருந்தாது உபவாசம் இருந்தார், மாத்திரைகளையும் விட்டார். விரதத்திற்கு இடையூறு செய்தல் பாவம் என்றெண்ணி நாங்கள் வாளாவிருந்தோம். மறுநாள் பாரணைக்கு வடையும் அப்பளமும் ஊறுகாயும் படைத்தோம். அன்று நள்ளிரவில் அவருக்கு மூச்சுத் திணறியது. படுக்க இயலாமல் எழுந்து அமர்ந்துவிட்டார். 108 ஊர்தியில் பாம்பன் பாலத்தைக் கடந்து இராமநாதபுரம் சேரும்வரை, எங்கள் நாவில் பஞ்ச நமஸ்காரம் தவிர வேறில்லை. அவர் பிழைத்தார். ஆயினும் அந்த உப்பைப் பரிமாறியது எங்கள் கை என்பதை இன்றும் மறந்திலோம்.

ஆற்றலுக்கேற்ற தவம்

தீர்த்தங்கரத் தன்மைக்குக் காரணமான பதினாறு பாவனைகளுள், ஆற்றலுக்கு ஏற்பத் தவம் செய்தல் ஒன்று, வையாவிருத்யம் மற்றொன்று. இரண்டும் ஒரே பட்டியலில் அமைந்திருப்பதை நாம் சிந்திக்க வேண்டும். நோயாளர் தம் ஆற்றலறிந்து தவம் செய்க. வீட்டார் அதற்குத் துணை நிற்க. பர்வ நாள்களுக்கு முன்பே மருத்துவரிடம் சென்று, எந்த மாத்திரையை எப்போது உண்ணலாம் எனக் கேட்டு எழுதிக்கொள்க. இரவுணவு நீக்கிய குடும்பம் என்பதையும் அவரிடம் சொல்லுக. சில மாத்திரைகளைச் சூரியன் மறைவதற்கு முன் உண்ணும்படி அவர் மாற்றித் தரக்கூடும். நாமாக ஒன்றையும் நிறுத்தலாகாது.

முழு உபவாசம் கூடாதெனில் ரச பரித்தியாகம் இருக்கிறது. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்னும் ஆறனுள் உப்பைக் குறைத்தல் இதய நோயாளர்க்குத் தவமும் மருந்துமாகும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு. அப்பளம், வடகம், மோர்மிளகாய், ஊறுகாய் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் அதில் அடங்கும். அவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்து ஒதுக்காமல், வீட்டார் அனைவரும் உப்பைக் குறைப்பின் அவர் தனித்து நோன்பிருப்பவராகார்.

நாள்தோறும் காண வேண்டியவை

இதயம் வலுவிழந்தவரைக் காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன், எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள்களில் 2 கிலோ ஏறினால், உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள். கணுக்கால் வீக்கமும், இரவில் தலையணையை உயர்த்திக்கொள்ளும் தேவையும் அத்தகைய அறிகுறிகளே. உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நம் கடற்கரை வெயிலில் இளநீர் பருகுதல் வழக்கம். ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி. சில இதய மாத்திரைகளோடு அது ஒவ்வாது. பருகும் நீரின் அளவையும் இளநீரையும் குறித்து மருத்துவரைக் கேட்டறிக.

ஆபத்து வேளை

நெஞ்சின் நடுவே அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன தோன்றினால் வாயுத் தொல்லை என்று காத்திருத்தல் கூடாது. பெண்களுக்கும் நீரிழிவு உடையோர்க்கும் வலியின்றி, களைப்பும் மூச்சிரைப்பும் மட்டுமே தோன்றலாம். நோயாளரை நடக்கவிடாமல் அமர வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஆகவே தாமதத்திற்கு இடமில்லை. 2023-இல் தொடங்கப்பெற்ற 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆஸ்பிரின் முதலிய முதற்கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. அண்மையிலுள்ள நிலையம் எது என்பதை இன்றே அறிந்து வைப்போம்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், 1990-களில் இதய மருத்துவர் சோம ராஜு அவர்களுடன் இணைந்து, எளியோரும் பெறத்தக்க விலையில் இரத்தக்குழாய் ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் உரையாற்றும்போதே இதயம் நின்று மறைந்தார், பேய்க்கரும்பில் துயில்கிறார். அறிஞர் கருவி செய்தளித்தார். உப்பை அளப்பதும், எடையைக் குறிப்பதும், அஞ்சியவர் கையைப் பற்றி அமர்வதும் நம்மால் இயலும். நோயுற்றவரின் சினத்தையும் சோர்வையும் பொறுத்தல் உத்தம க்ஷமையின் பாற்படும்.

பயிற்சி வினாக்கள்

1. வையாவிருத்யத்தை அகத்தவம் என்பது ஏன்?
2. ஆற்றலுக்கேற்ற தவம் என்பதை இதய நோயாளருக்குப் பொருத்திக் காட்டுக.
3. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்குச் செலவாகும் உப்பை அளந்து, உண்போர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க.
4. நள்ளிரவில் மூச்சுத் திணறல் நேரின் யார் யார் என்ன செய்வது என்பதைக் குடும்பத்தோடு பேசி எழுதுக.

ஜெய ஜினேந்திரா!