பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு

எதிராளி ஓங்கி அடித்த இறகுப்பந்து மின்னலெனப் பாய்ந்து வருகிறது. மறுகணமே அது திருப்பி அடிக்கப்படுகிறது. “இவளுடைய கண்கள் பிறவியிலேயே விரைவானவை, நமக்கு இது வராது” என்று எண்ணி, நம்மில் எத்தனை பேர் ஆடுகளத்தை விட்டு ஒதுங்கிவிடுகிறோம்! இவ்வெண்ணம் சரிதானா என ஆராய்வோம்.

கண் கண்டதை மூளை உணர்ந்து, கைக்குக் கட்டளை அனுப்பி, கை அசையத் தொடங்க ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. இதை நாமே சோதிக்கலாம். தோழி ஒருத்தி 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிக்கட்டும். கீழேயுள்ள பூச்சியக் குறியருகே நம் விரல்களை விரித்து வைப்போம். அவள் சொல்லாமல் விட்டதும் பிடிப்போம். 20 செ.மீ. குறியில் பிடித்தால் நாம் எடுத்த நேரம் 0.2 வினாடி, 5 செ.மீ. என்றால் 0.1 வினாடி. ஆனால் 5 செ.மீ.யில் பிடிப்பது அரிதினும் அரிது! தேர்ந்த வீராங்கனைகளும் இதில் நம்மைவிட மிகவும் முந்திவிடுவதில்லை.

டென்னிஸில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் அடிக்கப்படும் பந்து, 23.77 மீட்டர் நீளக் களத்தை ஏறக்குறைய அரை வினாடியில் கடக்கிறது. அதில் 0.2 வினாடி உணர்வதிலேயே கழிந்தால், ஓடவும் மட்டையை வீசவும் நேரம் ஏது? ஆகவே பந்து புறப்படுமுன்பே அதன் திசையை ஊகிக்க வேண்டும்.

எவ்வாறு ஊகிக்கிறார்கள்? ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்னெதி, இறகுப்பந்து ஆட்டப் படங்களை அடி விழும் வேளையில் நிறுத்தி, “பந்து எங்கே விழும்?” என்று கேட்டார். 1987இல் வெளியான அம்முடிவுகள் வியப்பானவை. தேர்ந்தவர், புதியவர் ஆகிய இருசாராரின் கண்களும் ஏறக்குறைய ஒரே இடங்களையே நோக்கின. ஆயினும் புதியவர்கள் மட்டையிலிருந்து மட்டுமே குறிப்பறிந்தனர். தேர்ந்தவர்களோ மட்டையை வீசும் கையின் அசைவிலிருந்தும் முன்னதாகவே அறிந்துகொண்டனர். கண் ஒன்றே, கவனம் வேறு.

கவனமோ பயிற்சியால் வளர்வது. எனவே, தோழியரே, அடுத்த முறை களத்தில் பந்தை மட்டும் பாராமல், எதிராளியின் தோளையும் கையையும் கவனிப்போம். அவள் அடிக்கும் கணத்தில் சிறிதாகத் துள்ளி, எப்பக்கமும் ஓட ஆயத்தமாவோம். கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் செல்லத் தயங்க வேண்டாம். பயிலுமுன்பே “நமக்கு வராது” என்று மட்டையைக் கீழே வைக்காதிருப்போமாக!