பளுவை வெல்லும் வழி

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய பாலாற்றங்கரை ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்கே பெருந்தொழிற்சாலைகளேயன்றி, வீட்டிலேயே சிறு பட்டறை வைத்துக் காலணி செய்வோரும் உளர். தோலை வெட்டும் அழுத்தப் பொறி பல நூறு கிலோ எடையுள்ளது. பாரந்தூக்கி நுழைய இயலாத குறுகிய வாயிலில் அதனை எங்ஙனம் நகர்த்துவது?

நெம்புகோலே அதற்குத் துணை. 600 கிலோ பொறியின் ஒரு புறத்தை மட்டும் உயர்த்தினால், மறுபுறம் தரையிலேயே நிற்கும். ஆகவே பாதி எடையைத் தாங்கினால் போதும். 165 செ.மீ. நீளமுள்ள கடப்பாரையின் நுனியைப் பொறியின் அடியிற் செலுத்தி, நுனியிலிருந்து 15 செ.மீ. தொலைவில் உறுதியான கட்டையை வைத்து, மறுமுனையை அழுத்துவர். 30 கிலோ பளுவுக்குச் சற்று மிகுதியான அழுத்தமே 300 கிலோவை எழுப்பிவிடும். ஆயினும், கை 10 செ.மீ. தாழ்ந்தால் பொறி 1 செ.மீ. அளவே உயரும். விசையிற் பெற்ற இலாபத்தைத் தொலைவில் இழக்கிறோம்.

உயருந்தோறும் அடியில் மரக்கட்டைகளைச் செருகுதல் வேண்டும். கட்டையை நீண்ட கோலால் தள்ளுவதன்றி, விரலை உள்ளே நுழைத்தல் ஆகாது. கடப்பாரை வழுக்க ஒரு நொடி போதும். விரலை இழந்தவனுக்குத் தைக்கும் தொழிலும் இல்லையாகும். போதிய உயரம் வந்தபின், இரும்புக் குழாய்களை உருளைகளாக அடியிலிட்டு மெல்லத் தள்ளினால் பொறி நகரும்.

உடல் வலிமையினும் பொறுமையே இங்குப் பெருந்துணையாகும்.