முன்பணம் வந்தபின் அடுப்பை மூட்டுக

சிறுதொழில் செய்வோர் பெரிய ஆர்டர் வந்தவுடன் மகிழ்வது இயல்பு. அம்மகிழ்ச்சியையே தூண்டிலாகக் கொள்வோரும் உளர். இதனை எம் குடும்ப நிகழ்ச்சி ஒன்றால் விளக்குகிறேன்.

என் தங்கையின் மருமகள் வீட்டிலேயே முறுக்கு, சீடை செய்து விற்பவள். ஒருநாள் தொலைபேசியில் ஒருவர் தம்மை இராணுவ அதிகாரி என்று கூறி, முகாமுக்கு 30 கிலோ முறுக்கு வேண்டும் என்றார். விலையைக் குறைக்கவும் கேட்கவில்லை. சுவை பற்றியும் வினவவில்லை. சீருடைப் படமுள்ள அடையாள அட்டையொன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவள் கடனுக்கு மாவும் எண்ணெயும் வாங்கி, இரண்டு நாள் விடியல் முதல் அந்தி வரை பாடுபட்டாள். மூன்றாம் நாள் அவர் ஒரு க்யூ.ஆர். குறியீட்டை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து பின் நம்பரை இடுங்கள், பணம் உங்களுக்கு வந்துவிடும். இதுவே எங்கள் நடைமுறை" என்றார். அவ்வாறே செய்தாள். அவள் கணக்கிலிருந்து 8,000 ரூபாய் போயிற்று. முறுக்கை வாங்கவும் எவரும் வரவில்லை.

அவள் செய்த பிழை யாது? யூ.பி.ஐ. முறையில் பின் நம்பர் என்பது பணம் செலுத்தவும், இருப்பை அறியவுமே பயன்படுவது. பணம் பெறுவதற்கு அதனை இட வேண்டுவதில்லை. பிறர் அனுப்பும் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் வேண்டுவதில்லை. இவ்வொன்றை அறிந்திருந்தால் பணம் தப்பியிருக்கும்.

மனத்திற்கொள்ள வேண்டியவை:

1. சொல்லிச் செய்விக்கும் பொருளுக்குப் பாதித் தொகையேனும் முன்பணமாகப் பெறுக.

2. பணம் அனுப்பியதாகக் காட்டும் படமும் குறுஞ்செய்தியும் போலியாக இருக்கலாம். நம் கணக்கைத் திறந்து பார்த்து உறுதி செய்க.

3. "தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்தினால், கணக்கைப் பாராமல் ஒரு ரூபாயும் அனுப்பற்க.

4. காசோலை தந்தால், அது வங்கியில் தேறிய பின்னரே பொருளை அனுப்புக.

5. நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், அவர் தந்த எண்ணை விடுத்து, நாமே தேடியறிந்த எண்ணில் விசாரிக்க.

ஏமாந்தவள் வெட்கத்தால் மூன்று நாள் எவரிடமும் கூறவில்லை. அதுவே பெரிய இழப்பாயிற்று. உடனே 1930 என்ற எண்ணிலும் வங்கியிலும் தெரிவித்தால், பணம் பல கணக்குகளுக்கு மாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. ஆகவே வீட்டுப் பெரியவர்களே, ஏமாந்து வந்தவரைக் கடிந்துகொள்ளாதீர். அச்சமின்றிச் சொல்லக்கூடிய இல்லத்தில்தான் புகார் காலத்தே செல்லும்.

அவள் தொழிலைக் கைவிடவில்லை. முன்பணம் கணக்கில் சேர்ந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே இன்று அடுப்பை மூட்டுகிறாள்.

பயிற்சி வினாக்கள்

1. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் வேண்டுமா?

2. மேற்கண்ட நிகழ்ச்சியில் ஐயம் எழுப்பியிருக்க வேண்டிய குறிகள் எவை?

3. உங்கள் வீட்டில் 1930 என்னும் எண் எங்கே எழுதப்பட்டுள்ளது?