விண்வெளியில் மேல் எது, கீழ் எது?

நம்பிக்கை: விண்வெளியில் தலைசுற்றலும் வாந்தியும் உடல் வலு குறைந்தவர்களுக்குத்தான் வரும்.

உண்மை: 1961 ஆகஸ்டில் வஸ்தோக்-2 கலத்தில் பூமியை 17 முறை சுற்றிவந்த கெர்மன் தித்தோவ், சோவியத் விமானப்படையின் விமானி. வயது 25. சுற்றுப்பாதையை அடைந்ததுமே தலைகீழாகத் தொங்குவதுபோல் இருந்தது அவருக்கு. பிறகு குமட்டல், வாந்தி. விண்வெளி செல்வோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் இப்படித்தான் கழிகின்றன. பஸ் பயணத்தில் வாந்தியே எடுக்காதவரும் இதற்குத் தப்புவார் என்று சொல்ல முடியாது.

காரணம் உட்செவியில் இருக்கிறது. அங்கே கூழ் போன்ற ஒரு படலத்தின்மேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிந்திருக்கின்றன. தலையைச் சாய்த்தால் அவற்றின் எடை படலத்தை ஒருபக்கம் இழுக்கும். அதை வைத்துத்தான் மூளை கீழ்த்திசையை அறிகிறது. எடையற்ற நிலையில் எப்படிச் சாய்ந்தாலும் அந்த இழுப்பு கிடையாது. கண் ஒன்று சொல்ல, காது வேறு சொல்கிறது. சக வீரர் தலைகீழாக மிதந்து வருவதைப் பார்த்தாலே, சட்டென்று தரை கூரையாகிவிட்டதாகத் தோன்றும்.

நம்பிக்கை: விண்வெளியில் ஈர்ப்புவிசையே இல்லை.

உண்மை: சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கும் சுமார் 400 கி.மீ. உயரத்தில், தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீத ஈர்ப்பு உண்டு. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை.

நம்பிக்கை: தலையை அசைக்காமல் இருந்தால் தப்பிக்கலாம்.

உண்மை: 1969இல் அப்போலோ 9 பயணத்தில் அமெரிக்க விண்வெளி வீரர் ரஸ்டி ஷ்வைக்கார்ட் அப்படித்தான் கவனமாக இருந்தார். ஆனாலும் வாந்தி வந்தது. அவருடைய விண்நடை சுருக்கப்பட்டது. மெல்ல மெல்ல அசைந்து பழகினால்தான் மூளை புதிய கணக்கைக் கற்கும். அதுவரை தாங்க, குமட்டலைத் தணிக்கும் புரோமெதசின் ஊசி உதவுகிறது. நிலையத்துக்குள் விளக்குகளைக் கூரைப்பக்கம் வைத்து, பெயர்ப்பலகைகளை ஒரே திசையில் எழுதியிருப்பதும் மேல் எது, கீழ் எது என்று மூளைக்குக் காட்டத்தான்.

நம்பிக்கை: சரியான திசையைக் கருவி காட்டினால் போதும்.

உண்மை: அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களின் கண்ணைக் கட்டிச் சுழல் இருக்கையில் உட்காரவைத்து, சாயும்போது உடலில் அதிர்ந்து எச்சரிக்கும் சிறு கருவிகளைப் பொருத்தினார்கள். கருவி உதவியது. ஆனால் தன் உள்ளுணர்வை ஒதுக்கிவைக்கவும் சேர்த்துப் பயிற்சி பெற்றவர்களே மிகச் சிறப்பாகச் செய்தார்கள். கருவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பயிற்சியைக் குறைப்பது ஆபத்து என்றே நான் கருதுகிறேன்.

இந்தியாவின் ககன்யான் விண்கலத்தில் நம்மவர்கள் போகும்போது, முதல்நாளே ஒருவர் வாந்தி எடுத்தார் என்று செய்தி வரலாம். தயவுசெய்து அவரைத் தகுதியில்லாதவர் என்று பேசிவிடாதீர்கள்.