கயாக்கிற் சென்று தட்டைமீன் பிடித்தல்: தொடக்கநிலையினர்க்கு ஒரு பாடம்

கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்று எமது பள்ளி மாணவர் மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர். ஆயினும் அவர்களுட் பலர் கரையில் நின்று கடலைப் பார்த்ததன்றி அதன்மேற் சென்றறியார். இதன்பொருட்டுப் பெற்றோரைக் குறை கூறுதல் எமது நோக்கமன்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ணாற் கண்டவர்களும், இரவிலே படகேறி உயிர் தப்பியவர்களும் எம்மிடையே உள்ளனர். கடல் என்றதும் அவர்தம் நெஞ்சம் பதைப்பது இயல்பே. எனினும், கடலை அறியாமல் அஞ்சுவதிலும், அறிந்து அஞ்சவேண்டியவற்றுக்கு மட்டும் அஞ்சுவதே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பது எமது கருத்து. இங்கிலாந்தின் தென்கரையிலே கயாக் என்னும் சிறு படகிற் சென்று தட்டைமீன் பிடித்துப் பழகியதில் நாம் கற்றவற்றை இங்கே பாடமாகத் தருகின்றோம்.

கயாக் வடதுருவத்தை அண்டி வாழும் இனுவிட் மக்களின் ஆக்கம். மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, ஒருவர் மட்டும் அமர்ந்து வேட்டைக்குச் செல்லும் படகு அது. இன்று பிளாத்திக்கில் வார்க்கப்படும் கயாக்குகள் இருவகையின. ஒன்று உள்ளே கால்களை நீட்டி அமர்வது. மற்றையது மேலே அமர்வது. மீன்பிடிக்கத் தொடங்குவோர்க்குப் பின்னையதே உகந்தது. அதன் உடல் மூடிய வெற்றறை. மேலே வீழும் நீர் அடித்தளத்திலுள்ள துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். இதனை முதன்முறை கண்டபோது எமக்கு நினைவுக்கு வந்தது ஊர்க் கட்டுமரம். கட்டுமரமும் நீரை உள்ளே விடாது தடுக்க முயல்வதில்லை. மரங்களினிடையே புகுந்து வெளியேற விடுகின்றது. ஆங்கிலத்திலே கட்டமரான் என வழங்குஞ் சொல் எமது கட்டுமரத்திலிருந்து சென்றதென்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

மீனைப் பற்றிப் பேசுமுன் நீரைப் பற்றிப் பேசவேண்டும். இந்நாட்டுக் கடலின் முதற்பகை அலையன்று, குளிர். தென்கரையிலே பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 8 பாகை சதமளவிலும், ஓகத்து மாதத்தில் 17 அல்லது 18 பாகையிலும் இருக்கும். இளவேனிலில் வெயில் அடிக்கின்றது என்று ஏமாந்துவிடல் ஆகாது; அப்போது காற்றுச் சூடாயினும் கடல் குளிராகவே கிடக்கும். குளிர்நீரில் திடீரென வீழ்ந்தவர் தம் விருப்பின்றியே மூச்சை உள்ளிழுத்துத் திணறுவர். முதல் ஒன்றரை நிமிடமே பெரும்பாலும் உயிர்க்கு இடர். அந்நேரத்தில் நீந்த முயலாது, தலையைப் பின்சாய்த்து மிதந்து, மூச்சு வசப்படும்வரை காத்திருத்தல் வேண்டும். மிதவை அங்கி அணிந்தவர்க்கே இது எளிது. எனவே அங்கியைக் கயாக்கின் பின்புறத்தில் வைத்துக்கொண்டு செல்பவரை நாம் எம்முடன் சேர்த்துக்கொள்வதில்லை. அவர் எமது நண்பராயினும் சரி. குளிர் தாங்கும் உடையும் அங்ஙனமே இன்றியமையாதது. நீர் புகாத உறையிலிட்ட கைப்பேசியும் ஊதுகுழலும் படகிலன்று, உடலிலே கட்டப்பட்டிருத்தல் வேண்டும். படகு கையை விட்டுப் போனபின் அதிலிருக்கும் பேசியால் ஆவதென்ன? இடர் நேரின் 999 இலக்கத்தை அழைத்துக் கரையோரக் காவற்படையைக் கேட்டல் வேண்டும்.

கவிழ்ந்தால் மீண்டும் ஏறும் முறையைக் கோடைகாலத்தில், இடுப்பளவு நீரில், பயிற்றுநர் ஒருவர் முன்னிலையிற் பழகுக. கயாக்கை நிமிர்த்தி, அதன் நடுப்பகுதியைப் பற்றி, கால்களை மேற்பரப்பில் உதைத்து, முதலில் வயிறு படகின்மேற் படியுமாறு தாவுதல் வேண்டும். பின்பு புரண்டு இருக்கையில் அமர்ந்து, ஈற்றிலே கால்களை உள்ளே எடுத்தல் முறை. நாம் பதினொரு முறை வழுக்கி வீழ்ந்தோம். பார்த்துநின்ற மாணவர் எண்ணிக்கொண்டே இருந்தனர்.

அடுத்தது காற்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று எமது ஊரவர் நான்கு காற்றுக்கும் பெயரிட்டு வைத்திருந்தது இங்கும் பயன்படுகின்றது. போர்ண்மவுத் கரை தெற்கு நோக்கியது. சோழகம் அடித்தால் அலை எழும், அஞ்சி எவரும் இறங்கார். வாடை அடித்தாலோ கரையோர நீர் கண்ணாடிபோற் கிடக்கும். பின்னாலுள்ள மேட்டுநிலமும் கட்டடங்களும் காற்றை மறைப்பதே காரணம். சிறிது தூரம் சென்றதும் மறைப்பு நீங்க, காற்று முதுகைப் பிடித்து ஆழ்கடல் நோக்கித் தள்ளும். அமைதியாய்த் தோன்றும் இக்கடலே தொடக்கநிலையினரைப் பெரிதும் ஏய்ப்பது. மணிக்கு 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட காற்று எத்திசையிலிருந்து வரினும், தரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று எவ்வளவு மெல்லியதாயினும், நாம் இறங்குவதில்லை. வானிலை நிலையத்தின் கரையோரக் கடல் முன்னறிவிப்பை முதல்நாள் மாலையிலும் அன்று காலையிலும் பார்த்தல் வேண்டும்.

வற்றுப்பெருக்கு எமது ஊரில் ஒரு மீற்றருக்கும் குறைவு. இங்கே டோவரில் பூரணை, அமாவாசையை அடுத்த நாட்களில் நீர் 6 மீற்றர் வரை ஏறி இறங்கும். அந்த ஏற்றமும் ஒரே சீராக நிகழ்வதன்று. ஆறு மணிநேரத்தை ஆறு பங்காக்கினால், முழு ஏற்றத்தில் பன்னிரண்டில் 1, 2, 3, 3, 2, 1 என்ற பங்குகளே முறையே ஏறும் என்பது மாலுமிகளின் அண்ணளவுக் கணக்கு. அதாவது 6 மீற்றரில் முதல் மணியில் அரை மீற்றர், மூன்றாம் நான்காம் மணிகளில் ஒன்றரை மீற்றர் வீதம். எல்லாத் துறைகட்கும் இக்கணக்குப் பொருந்தாது. நீரோட்டம் திரும்பும் நேரமும் நீர் ஏறி முடியும் நேரமும் பல இடங்களில் ஒன்றாக இரா. ஆதலால் அவ்விடத்து நீரோட்ட அட்டவணையைப் பார்த்தே செல்க. புதியவர்கள் அட்டமியை அடுத்த இரண்டு மூன்று நாட்களைத் தெரிந்தெடுத்தால் ஓட்டம் மெலிந்திருக்கும். நாட்காட்டியில் திதி பார்க்கும் பாட்டிமார் வீட்டிலிருப்பின் அவரையே கேட்கலாம்.

இனி மீன். தென்கரையின் மணற்பாங்கான அடித்தளத்தில் டாப், பிளவுண்டர், பிளேஸ் என்னும் மூன்று சிறு தட்டைமீன்கள் அகப்படும். எமது ஊர் நாக்குமீனின் தூரத்து உறவினர் இவை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஏனைய மீன்களைப் போலவே பக்கத்துக்கொரு கண்ணுடன் நிமிர்ந்து நீந்தும். சில வாரங்களில் ஒரு கண் தலையைச் சுற்றி நகர்ந்து மறுபக்கக் கண்ணின் அருகே வந்துசேரும். அதன்பின் மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து தரையிற் படுத்துவிடும். மேற்பக்கம் மணலின் நிறங் கொள்ள, கீழ்ப்பக்கம் வெண்மையாகும். ஆக, நாம் முதுகு என எண்ணுவது உண்மையில் மீனின் ஒரு விலாவே.

மூன்றையும் பிரித்தறிதல் கடினமன்று. செம்மஞ்சட் புள்ளிகளும் வழுவழுப்பான தோலும், கண்ணுக்குப் பின்னால் எலும்புக் குமிழ்களும் இருப்பின் அது பிளேஸ். வாலிலிருந்து தலைநோக்கி விரலால் தடவும்போது அரம்போற் சொரசொரப்பதும், பக்கக்கோடு மார்புச் செட்டையின்மேல் வில்லாக வளைவதும் டாப். செட்டைகளின் அடியில் வரிசையாக முட்கள் குத்தினால் பிளவுண்டர். பிளேஸ் 27 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததாயின் கடலிலே விட்டுவிடுதல் சட்டம். ஏனைய மீன்கட்கு இடத்துக்கிடம் விதிகள் வேறுபடுவதால் முற்கூட்டியே விசாரித்தறிக. கடலிலே தூண்டிலிட இங்கிலாந்தில் உரிமச்சீட்டு வேண்டியதில்லை.

இம்மீன்களின் வாய் சிறியது. ஆகவே பெரிய தூண்டில் முள்ளால் பயனில்லை. 4ஆம் அல்லது 6ஆம் இலக்கத்து நீண்ட காம்புடைய முள்ளைப் பயன்படுத்துக. காம்பு நீண்டிருப்பின் கழற்றுவது எளிது. மெல்லிய கோலும், தங்கூசியின் நுனியில் 60 முதல் 100 கிராம் ஈயமும், அதன் அருகே இரண்டு முட்களும் போதும். இரை, கரைச் சேற்றிலே தோண்டியெடுக்கும் கடற்புழு. கடைகளிலும் வாங்கலாம். நங்கூரமிடுதல் தொடக்கநிலையினர்க்கு ஆகாது. ஓட்டத்தில் நங்கூரக் கயிறு படகைக் கவிழ்த்துவிடும். மெல்லிய ஓட்டத்தோடு படகைச் செல்லவிட்டு, ஈயம் மணலை உரசிச் செல்ல விடுக. இடையிடையே ஒரு சாண் உயர்த்திக் கீழே விட்டால் மணற்புகை எழும். புழு வெளிப்பட்டதென எண்ணித் தட்டைமீன் விரைந்து வரும். கோலின் நுனி நடுங்கியதும் வெடுக்கென இழுப்பது எல்லாரும் செய்யும் பிழை. சிறிது நூலைத் தளர்த்தி, பத்து வரை எண்ணி, பின்பு மெதுவாக உயர்த்துக.

ஓர் எச்சரிக்கை. அதே மணலில் வீவர் என்னும் விரலளவு மீனும் புதைந்திருக்கும். முதுகிற் கருஞ்செட்டை கண்டால் கையால் தொடவேண்டா, அம்முட்களில் நஞ்சுண்டு. குத்தினால், தாங்கக்கூடிய சூட்டு நீரிலே அரைமணிநேரமேனும் அவ்வுறுப்பை அமிழ்த்தி வைத்தல் வேண்டும்.

2019 செப்டெம்பரில் நிகழ்ந்ததை மறைத்தல் முறையன்று. நாமும் எமது பழைய மாணவர் ஒருவருமாக இரண்டு கயாக்குகளில் கரையிலிருந்து ஐந்நூறு மீற்றர் வரை சென்றிருந்தோம். டாப் நன்றாகக் கொத்திக்கொண்டிருந்தது. முதல்நாள் மாலை முன்னறிவிப்பைப் பார்த்தோமேயன்றிக் காலையிற் பார்க்கவில்லை. குனிந்து இரை கோத்துக்கொண்டிருந்த எமக்குக் காற்று வாடையாகத் திரும்பியது தெரியவில்லை. மாணவரே, "சேர், கோயிற் கோபுரமும் பாலத்துக் கம்பமும் விலகிப்போச்சு" என்றார். புறப்படுமுன் தேவாலயக் கோபுரமும் கரைப்பாலத்து விளக்குக் கம்பமும் ஒரே கோட்டில் வர அவர் குறி பார்த்து வைத்திருந்தார். அக்குறி பார்க்கும் முறையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கடற்றொழில் செய்த அவருடைய பாட்டனார், நாமல்லேம். பதினைந்து நிமிடத்திற் சென்ற தூரத்தைத் திரும்பிக் கடக்க ஒரு மணி இருபது நிமிடம் எடுத்தது. கைகள் ஓய்ந்தன. இன்னும் அரைமணி பிந்தியிருந்தால் காவற்படையை அழைத்திருப்போம்.

அன்று மாலை மாணவரின் தாயாரிடம் மீனையும் கொடுத்து, நடந்ததையும் ஒளிக்காமற் சொன்னோம். மகனைக் கடலுக்கு அனுப்ப ஈராண்டுகளாக மறுத்து, அரைமனத்துடன் இசைந்தவர் அவர். நெடுநேரம் பேசவில்லை. பின்பு மீன்களைக் கழுவி, குடல் நீக்கி, இருபுறமும் கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி வைத்தார். ஒன்றைமட்டும் எடுத்து, வயிற்றுப்பக்கம் தம்மை நோக்க மேசையில் வைத்துப் பார்த்தார்.

"உது எங்கட நாக்குமீன்ர சாதிதான் சேர். ஆனா தலை மற்றப் பக்கம் பாக்குது."

அவர் சொன்னது சரியே. நாக்குமீனுக்கு இரு கண்களும் இடப்பக்கம், டாப்புக்கு வலப்பக்கம். நாம் இதனை நூலிற் படித்தே அறிந்திருந்தோம். எண்ணெயைக் காயவைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "அடுத்தமுறை காலமையும் காற்றுப் பாப்பியள்தானே?"

பார்ப்போம் என்றோம். அதன்பின் ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் அவ்வீட்டுக்குத் தொலைபேசியெடுத்து, காற்றின் திசையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டே இறங்குகின்றோம்.